சண்டைக்கு ஒரு மார்க்

என் அம்மா சரிதாவுக்கு சேதராப்பட்டில் வேலை. குக்கர் மூடிக்குள் போடுகிற ரப்பர் வளையம், அதாவது கேஸ்கட், செய்கிற தொழிற்சாலை. அம்மா தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். வளையத்தை இழுத்துப் பார்ப்பாள், முறுக்கிப் பார்ப்பாள், தடிமனை அளப்பாள், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓரத்தில் பிசிறு தெரிகிறதா என்று பார்ப்பாள். பல வருஷமாக இதையே செய்வதால், வேலை செய்யாமலே வேலை நடந்த மாதிரி காட்ட மனிதர்கள் என்னென்ன வழி வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி.

போன வருஷம் அந்தப் பிரிவின் சூப்பர்வைசர் கலியமூர்த்தி ஓய்வு பெறப் போவதாகச் செய்தி வந்தது. அடுத்தது அம்மாதான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். பிறகு கம்பெனி ஒரு நிபந்தனை வைத்தது. பட்டப்படிப்பு வேண்டும். அம்மா தொலைதூரக் கல்வியில் பி.பி.ஏ. படித்தவள். படித்தவள் என்று முழுசாகச் சொல்ல முடியாது. வணிகச் சட்டம் என்கிற ஒரே ஒரு பேப்பர் பாக்கி. அதை மூன்று முறை எழுதி மூன்று முறையும் கோட்டை விட்டிருந்தாள். டிசம்பர் பரீட்சையிலும் கோட்டை விட்டால் பதவி ராஜாவுக்குப் போகும். ராஜா ஜூலையில் சேர்ந்தவன். தடிமன் அளக்கிற வெர்னியர் காலிப்பரில் எந்தக் கோட்டைப் பார்ப்பது என்று இன்னும் அம்மாவிடம்தான் கேட்கிறான். ஆனால் அவனிடம் டிகிரி இருக்கிறது.

"அவங்கிட்டப் போயி, ‘சார், அர நாள் லீவு வேணும்’னு கைகட்டி நிக்கணுமா நானு?" என்று அம்மா ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள். அப்பாவும் நானும் தட்டைப் பார்த்தோம்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கல்லூரியில் ‘இலக்கு வைப்பது எப்படி’ என்று அரைநாள் பயிலரங்கு நடந்தது. நான் பி.எஸ்சி. புள்ளியியல் இரண்டாம் ஆண்டு. நடத்த வந்த பேராசிரியை ஹேமலதா எங்கள் எல்லாரையும் ஆளுக்கொரு இலக்கு சொல்லச் சொன்னார். பாதிப் பேர் ‘நல்லா படிப்பேன்’ என்றோம். அவர் சிரித்தார்.

"இது இலக்கு இல்லம்மா, ஆசை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பாத்தாக்கூட, நடந்துச்சா நடக்கலயான்னு அவரால சொல்ல முடியணும். அப்படி ஒரு அளவு இருந்தாத்தான் இலக்கு."

எவ்வளவு எளிமையான விஷயம்! பஸ்ஸில் முத்தியால்பேட்டைக்குத் திரும்பும்போதே எனக்குக் கை பரபரத்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவைப் பிடித்தேன்.

"ம்மா, இந்தத் தடவ எப்படிப் படிக்கப் போற?"

"நல்லா படிக்கப் போறேன்."

"நல்லான்னா எவ்ளோ?"

"ஏன்டி, கத்திரிக்காயா, எட போட்டுச் சொல்றதுக்கு?"

எடை போடலாம் என்று நான் விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "எனக்கு மட்டும் இன்னாத்துக்கு? வீட்ல எல்லாருக்கும் வை" என்றாள். நியாயம்தான். அப்பா கமலக்கண்ணனுக்கு வயிற்றைக் குறைக்க வேண்டும். அளவு பெல்ட். தீபாவளிக்குள் ஒரு ஓட்டை உள்ளே போக வேண்டும். எனக்கு, காலை ஆறு மணிக்கு எழுந்திருப்பது. அம்மாவுக்கு, தினமும் இரண்டு மணி நேரம் படிப்பு. தவறினால் அவளுக்கு சீரியல் கிடையாது, அப்பாவுக்கு சாயங்கால பஜ்ஜி கிடையாது, எனக்குப் பாத்திரம் கழுவுகிற வேலை. மூன்று பேரும் கைமேல் கை வைத்து ஒப்புக்கொண்டோம்.

அப்பா ஒரே வாரத்தில் தன் இலக்கை முடித்துவிட்டார். அம்மா அந்த பெல்ட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மத்த ஓட்டையெல்லாம் மெஷின்ல போட்டது. இது மட்டும் ஆணியால அடிச்சது. ஓரத்துல பிசிறு நிக்குது பாருங்க."

"ஓட்டதானே கணக்கு?" என்றார் அப்பா. அன்றோடு அவர் பஜ்ஜி நின்றது.

அம்மாவின் முதல் வாரம் அப்பழுக்கில்லாமல் போனது. ஏழு மணிக்குப் புத்தகத்தோடு கட்டிலில் சாய்வாள். நான் போனில் நேரம் வைப்பேன். ஒன்பது மணிக்கு மணி அடிக்கும். எட்டாவது நாள், படித்துக்கொண்டே அவள் மூக்கை உறிஞ்சினாள். கண் கலங்கியிருந்தது. ஒப்பந்தச் சட்டத்தைப் படித்து இதுவரை யாரும் அழுததாக எனக்குத் தெரியவில்லை. போய்ப் பார்த்தால் புத்தகத்துக்குள் போன், தலைமுடிக்குள் இயர்போன், திரையில் சீரியல். மாமியார் சாகக் கிடக்கிறாள்.

"ரெண்டு மணி நேரம் உக்காரணும்னுதானே சொன்ன? உக்காந்தேன்ல?"

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் அம்மா சொன்னது சரி. கடிகாரத்தால் உட்கார்ந்திருப்பதை அளக்க முடியும். படிப்பதை அளக்க முடியாது. நான் எதை அளந்தேனோ அதை அவள் குறைவில்லாமல் கொடுத்துவிட்டாள். தப்பு அளவுகோலில்.

அளவுகோலை மாற்றினேன். நேரம் வேண்டாம், பக்கம். படித்த பக்கத்தில் முக்கியமான வரிகளை இளஞ்சிவப்பு மார்க்கரால் தீட்ட வேண்டும். நான்கே நாளில் புத்தகம் முழுவதும் ரோஸ்மில்க் கொட்டின மாதிரி ஆகிவிட்டது. ‘இந்நூலின் எந்தப் பகுதியையும் அனுமதியின்றி மறுபதிப்பு செய்யக் கூடாது’ என்பதையும் தீட்டியிருந்தாள். அச்சகத்தின் விலாசத்தையும் விடவில்லை.

"அதுவும் சட்டம்தானே?" என்றாள்.

மூன்றாவது முறை நான் உஷாரானேன். புத்தகத்திலிருந்து கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குலுக்கினேன். தினமும் அம்மா கண்ணை மூடி ஐந்து சீட்டு எடுக்க வேண்டும், பதில் சொல்ல வேண்டும். சொன்னாள். பிரமாதமாகச் சொன்னாள். மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. டப்பா நிறையக் கேள்வி இருக்கிறது, வெளியே வருவது என்னவோ அதே ஏழு கேள்வி. தற்செயலுக்கு இவ்வளவு பிடிவாதம் கிடையாது. இதைக் கண்டுபிடிக்க நான் படிக்கிற படிப்பே தேவையில்லை.

அம்மா தொழிற்சாலையில் நடப்பதை எனக்கே சொல்லியிருக்கிறாள். ஒரு தட்டில் நூற்றுக்கணக்கான வளையங்கள் இருக்கும். எல்லாவற்றையும் சோதிக்க நேரமில்லை, அதனால் நாலைந்தை எடுத்துப் பார்ப்பார்கள். மெஷினில் இருப்பவர்களுக்கு இது தெரியும். நல்ல வளையங்களாகப் பார்த்து மேலே அடுக்கிவிடுவார்கள். சோம்பேறியான ஆள் மேலேயிருந்து எடுத்துவிட்டு, தட்டு முழுக்கத் தங்கம் என்று எழுதிவிடுவான். அம்மா எப்போதும் அடியில் கைவிட்டு எடுப்பாள். இப்போது தட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். தனக்குத் தெரிந்த ஏழு சீட்டுகளின் மடிப்பை நகத்தால் ஒருமுறை கூடுதலாக நீவி வைத்திருந்தாள். கண்ணுக்குத் தெரியாது. பிசிறு தடவிப் பழகிய விரலுக்குத் தெரியும்.

"நீ தரம் பாக்குற ஆளா, ஏமாத்துற ஆளா?"

"தரம் பாக்குறவளுக்குத்தான்டி நல்லா ஏமாத்த வரும்" என்று பெருமையாகச் சொன்னாள்.

மழை பிடித்துக்கொண்டது. பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை. நான்காவதாக, தப்பிக்கவே முடியாது என்று நினைத்து ஒன்று செய்தேன். அம்மா ஒரு பாடத்தை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான் அப்பாவைக் கேள்வி கேட்பேன். ஒரு விஷயம் உண்மையாகப் புரிந்தால்தான் இன்னொருவருக்குப் புரிய வைக்க முடியும், அதுவும் அப்பாவுக்கு. அவர் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறார். வெள்ளைக்காரர் வந்தால் பிரெஞ்சில் ‘முசியே’, பெங்களூர்க்காரர் வந்தால் ‘பாஸ்’. அதைத் தாண்டி எதையும் மனப்பாடம் செய்து நான் பார்த்ததில்லை.

குறித்த நாளில் அப்பா தலையோடு காதையும் மூடித் துண்டு கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஜலதோஷமாம். அம்மா சமையலறையில் இருந்தாள்.

"மறுபயன்னா இன்னாப்பா?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டு அர்ச்சனை சொல்கிற குரலில் ஆரம்பித்தார்.

"மறுபயன் என்பது... ஒருவர் செய்யும் செயலுக்கோ... கொடுக்கும் வாக்குறுதிக்கோ... பதிலாக மற்றவர் தரும் பயன். அது பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பொருளாகவும் இருக்கலாம்... வாங்க சுலோசனாக்கா, கறிவேப்பில ஃப்ரிட்ஜுல இருக்கு, எடுத்துக்குங்க."

கூடத்தில் நானும் அப்பாவும் மட்டும்தான். பக்கத்து வீட்டு சுலோசனா அக்கா சமையலறைப் பின்வாசலில் நிற்பது கண்ணை மூடியிருந்த அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது?

துண்டை இழுத்தேன். காதில் ப்ளூடூத். சமையலறையில் அம்மா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் புத்தகமும் ஒரு கையில் கரண்டியுமாக நின்றிருந்தாள்.

"இதுக்கு இன்னாப்பா வாங்குன?"

"ஞாயித்துக்கெழம வஞ்சிரம் வறுவல்" என்றார் அப்பா, தலையைக் குனிந்துகொண்டு. "நடுத்துண்டு."

எனக்கு வந்த கோபத்தில் தீர்ப்பு சொன்னேன். "போதும்மா. நாம பேசுன ஒப்பந்தப்படி இன்னைலேர்ந்து சீரியல் கட்."

அம்மா கரண்டியை வைத்தாள். "எந்த ஒப்பந்தம்? எங்க கையெழுத்து போட்டேன்?"

"வாயால பேசுனாலும் ஒப்பந்தம்தான். உன் புக்லயே இருக்கு."

"எங்க இருக்கு, காட்டு."

"நீயே பாரு."

பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, கூடத்தின் நடுவில் நின்றபடியே, ரோஸ் நிறப் பக்கங்களில் விரலை ஓட்டிக்கொண்டு பார்த்தாள். யாரும் நேரம் வைக்கவில்லை. அவள் உட்காரக்கூட இல்லை. அன்றைக்கு விடை கிடைக்கவில்லை. காலையில் கம்பெனி வேனில் ஏறும்போது புத்தகம் சாப்பாட்டுப் பையில் இருந்தது. மத்தியானம் கேன்டீனிலிருந்து போன் வந்தது.

"சங்கரி, நல்லா கேட்டுக்க. குடும்பத்துக்குள்ள சும்மா பேசிக்கிறது ஒப்பந்தம் ஆவாது. கோர்ட்டு வரைக்கும் போவணும்ங்குற எண்ணம் ரெண்டு பக்கமும் இருக்கணும். உனக்கு இருந்துச்சா? இல்ல. எனக்கு இருந்துச்சா? இல்ல. சீரியல் பாக்குறது என் உரிம. வெச்சிடுறேன்."

சாயங்காலம் அப்பா மெதுவாக வஞ்சிரம் பேச்சை எடுத்தார்.

"உங்களுக்கும் கெடையாது" என்றாள் அம்மா.

"அடிப்பாவி, நான் என் வேலைய முடிச்சிட்டேனே!"

"ஒருத்தர ஏமாத்துறதுக்காகப் போட்ட ஒப்பந்தம் செல்லாது. நோக்கம் தப்பா இருந்தா மறுபயன் கேட்டு வர முடியாது. மூணாம் பாடம், படிச்சிப் பாருங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். மூன்று பரீட்சையில் அவள் எழுதத் தெரியாமல் விட்ட கேள்வி அது. இப்போது முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே, புத்தகத்தைத் திறக்காமல், உதாரணத்தோடு சொல்கிறாள்.

என் அம்மா பாஸ் ஆவதற்காகப் படிக்கிற ஆள் இல்லை. ஜெயிப்பதற்காகப் படிக்கிற ஆள். இவ்வளவு நாளாக நான் பூட்டையே மாற்றிக்கொண்டிருந்தேன், சாவி வேறு இடத்தில் இருந்தது.

மறுநாள் கல்லூரி விட்டதும் நேராக அப்பாவின் கடைக்குப் போனேன்.

"ப்பா, நீ அம்மாகூடச் சண்ட போடணும்."

"அதுல இன்னா புதுசு?"

"பாட வரிசப்படி போடணும்."

திட்டத்தை விளக்கினேன். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு சண்டை. அப்பா தப்பான பக்கம் நிற்க வேண்டும், அம்மா சரியான பக்கம் நிற்கும்படி. அம்மா ஜெயித்தால் என் கணக்கில் அவளுக்கு ஒரு மார்க். சட்டத்தைக் காட்டாமல் வெறும் சத்தத்தில் ஜெயித்தால் மார்க் இல்லை. இதில் ஏமாற்ற முடியாது. எதிரில் இருப்பவர் விட்டுக்கொடுக்க மாட்டார், அதனால் அவரை மடக்க விஷயம் தெரிந்தே ஆக வேண்டும். அம்மாவுக்குத் தன்னை யாரோ அளக்கிறார்கள் என்பதே தெரியாது. தெரியாத அளவுகோலுக்கு எப்படி வேஷம் போடுவாள்?

"தெனமும் நான் தோக்கணும், அவ்ளோதானே?" என்றார் அப்பா. "அனுபவம் இருக்கு."

முதல் சண்டைக்கு அப்பா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இருட்டிக்கொண்டு மழை பெய்கிறது.

"இன்னா கோலம் இது?" என்றாள் அம்மா.

"பெங்களூர்ப் பையன் ஒருத்தன் ஸ்கூட்டர் டிக்கில உட்டுட்டுப் போயிட்டான். நல்ல கண்ணாடி. கெடச்சவனுக்குச் சொந்தம்."

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லும். கீழ கெடந்தா எடுத்தவனுக்கு."

அம்மா புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சோறு ஆறியது. திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு களை. "கண்டெடுத்தவன் அந்தப் பொருளுக்குக் காவக்காரன் மாதிரி. சொந்தக்காரனத் தேடணும், பொருளப் பத்திரமா பாத்துக்கணும். போட்டுக்கிட்டு ஊரச் சுத்தக் கூடாது. கழட்டுங்க."

அன்று ராத்திரி அப்பா அந்தப் பையனின் நம்பரைத் தேடிப்பிடித்து, கண்ணாடி பத்திரமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டியதாயிற்று. அம்மாவுக்கு ஒரு மார்க்.

அடுத்தது ஒப்படைப்பு. ஒருவர் தன் பொருளை இன்னொருவரிடம் கொடுத்து வைத்தால் யாருக்கு என்ன பொறுப்பு என்கிற பாடம். வாடகை ஸ்கூட்டர் அச்சு அசலாக இதுதான். பிள்ளைச்சாவடி பக்கம் போன ஒருவன் பிரேக் ஒயர் அறுந்து மணலில் விழுந்துவிட்டான் என்று அப்பா ஒரு கதையைக் கட்டினார். "ஓட்டத் தெரியாம உழுந்துட்டு எங்கிட்ட வந்து நிக்கிறான். நான் இன்னா பண்ணுவேன்?"

"பிரேக் சரியில்லன்னு சொல்லிக் குடுத்தீங்களா?"

"எனக்கே தெரியாதே!"

"வாடகைக்கு உடுறவனுக்குத் தெரியலன்னாலும் பொறுப்பு அவனோடதுதான். காசு வாங்குறீங்கள்ல? ஆஸ்பத்திரிச் செலவு நீங்கதான் குடுக்கணும்." அம்மா தீர்ப்போடு நிறுத்தவில்லை. "ஒருத்தன் இல்ல, நாள பின்ன பத்துப் பேரு வந்து நின்னா?"

விழுந்தவன் கற்பனை. ஆனாலும் மறுநாள் அப்பா கடையில் இருந்த எல்லா ஸ்கூட்டருக்கும் பிரேக் ஒயரை மாற்றினார்.

இப்படியே போனது. பந்தயம் கட்டி ஜெயித்ததைக் கோர்ட்டில் கேட்க முடியாது என்று அம்மா கற்றுக்கொள்வதற்காக, மழை நிற்குமா நிற்காதா என்று அப்பா என்னிடம் பந்தயம் கட்டினார். ஜாமீன் பாடத்துக்காக, தவளக்குப்பத்தில் இருக்கிற தன் தம்பியின் கடனுக்குக் கையெழுத்துப் போடப் போவதாகக் கிளம்பினார். அதற்கு அம்மா கத்திய கத்தில் சுலோசனா அக்கா கறிவேப்பிலை கேட்காமலே ஓடிவந்தார். சட்டம் பிறகுதான் வந்தது, ஆனால் வந்தது. கடன்காரன் கொடுக்காவிட்டால் ஜாமீன் போட்டவனை நேராகப் பிடிக்கலாம் என்பதை இனி அவள் மறக்க மாட்டாள். மார்க் கொடுத்தேன்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தபோது அம்மா திடீரென்று சண்டையை நிறுத்திவிட்டாள்.

அப்பா என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். வாங்கின மிக்ஸியைப் பில் இல்லாமல் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்றார். "சரிங்க" என்றாள். சரக்கு விற்பனைப் பாடம் அப்படியே நின்றது. இரண்டு நாள் வீட்டில் அப்படி ஒரு அமைதி. சீரியல்கூடப் போடவில்லை. இன்னும் நான்கு பாடம் பாக்கி. ராஜா, சூப்பர்வைசர் நாற்காலியில் காலிப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, என் கண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

மூன்றாம் நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள்.

"ஏங்க, பத்தாம் பாடத்துக்கு இன்னா தப்பு பண்ணலாம்னு இருக்கீங்க?"

அப்பாவுக்குப் புரை ஏறியது.

"எப்படிம்மா கண்டுபுடிச்ச?" என்றேன். மறைத்துப் பயனில்லை.

"குறை என்னைக்காவது வரிசையா வருமாடி? மெஷின்ல குறை வந்தா இங்க ஒண்ணு அங்க ஒண்ணு வரும். ஒரே மாதிரி, வரிசையா, தெனமும் ஒண்ணுன்னு வந்தா, அது குறை இல்ல. யாரோ உக்காந்து பண்றாங்க. இவரு பொறந்ததுலேர்ந்து பண்ணாத தப்பையெல்லாம், பொருளடக்கத்தப் பாத்து பண்றாரு."

"கோவமா?"

"பின்ன? ரெண்டு பேரும் சேந்து என்னப் படிக்க வெச்சிட்டீங்களே!" நிஜமாகவே முகம் சிவந்திருந்தது. பிறகு ரசத்தை ஊற்றினாள். "இனிமே கேஸு போடுறது நானு. நீங்க ரெண்டு பேரும் எதிர்க்கட்சி. பதில் தெரியலன்னா நைட்டு பாத்திரம் உங்களுது."

அந்தக் கடைசி நாட்களை நான் விவரிக்க விரும்பவில்லை. அம்மா பின்னாலிருந்து ஆரம்பித்தாள், நடுவில் குதித்தாள், குளிக்கப் போகும்போது வழிமறித்தாள். அடுத்தது எந்தப் பாடம் என்று ஊகிக்கவே முடியாது. அடியில் கைவிட்டு எடுக்கிறவள் அல்லவா? அவள் கேள்விக்குப் பதில் தேட நான் புத்தகத்தை ஜெராக்ஸ் போட்டு பஸ்ஸில் படித்தேன். அப்பா கடையில் படித்தார். ஒரு வெள்ளைக்காரரிடம் ஸ்கூட்டரின் எல்லாக் குறைகளையும் முன்கூட்டியே சொல்ல, அவர் பயந்து சைக்கிள் வாங்கிக்கொண்டு போனார். பாத்திரம் முழுக்க நாங்கள்தான் கழுவினோம்.

பரீட்சை முடிந்து அம்மா வெளியே வந்தபோது அப்பாவும் நானும் குடையோடு வாசலில் நின்றோம். முகம் சப்பென்று இருந்தது.

"எப்படிம்மா?"

"இன்னாத்த எப்படி? கேக்குறாங்க, எழுதுறோம். எதிர்த்து ஒரு வார்த்த பேச ஆளில்ல. சப்புனு இருந்துச்சி."

"உதாரணமெல்லாம் எழுதுனியா?"

"எல்லாம் உங்கப்பாதான். பேர மட்டும் ‘க’ன்னு மாத்திட்டேன். ‘க’ கண்ணாடி திருடுனான், ‘க’ பிரேக்கு பாக்கல, ‘க’ தம்பிக்கு ஜாமீன் போட்டான். திருத்துறவரு ‘க’வ நேர்ல பாத்தா அடிச்சிடுவாரு."

பிப்ரவரியில் ரிசல்ட் வந்தது. பாஸ். சாதாரண பாஸ் இல்லை, அந்தப் படிப்பில் அவள் எடுத்த மார்க்குகளிலேயே அதுதான் அதிகம். மறுநாளே ரிசல்ட் தாளை எடுத்துக்கொண்டு மேனேஜர் விஜயராகவன் அறைக்குப் போனாள். சாயங்காலம் வரும்வரை போன் இல்லை. வேன் சத்தம் கேட்டதும் நானும் அப்பாவும் வாசலுக்கு ஓடினோம்.

அம்மா செருப்பைக் கழற்றி, தண்ணீர் குடித்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, அப்புறம்தான் பேசினாள்.

"வாழ்த்துன்னாரு. அப்புறம் இழுத்தாரு. ‘டிகிரி இருக்குறவங்க விண்ணப்பிக்கலாம்னுதானேம்மா நோட்டீஸ்ல போட்டோம், டிகிரி வந்தா உங்களுக்கே தர்றோம்னு எங்கயும் சொல்லலியே. ராஜாகிட்ட ஏற்கெனவே பேசிட்டோம்’னாரு."

"அடப்பாவிங்களா!" என்றார் அப்பா.

"நீ இன்னாம்மா சொன்ன?"

"நெதானமா சொன்னேன். ‘சார், நீங்க நோட்டீஸ் ஒட்டுனீங்க, அது முனைவு, அதாவது நீங்களா முன்வெச்ச பேரம். நான் டிகிரி முடிச்சிட்டேன், அது ஏற்பு. நிபந்தனைய நெறவேத்துனாலே ஏத்துக்கிட்ட மாதிரிதான், தனியா வாயால சொல்ல வேண்டியதில்ல. முனைவும் ஏற்பும் வந்துட்டா ஒப்பந்தம் முடிஞ்சிது. இப்பப் பின்வாங்குனா ஒப்பந்த மீறல். நஷ்டஈடு எவ்ளோன்னு நான் இன்னும் கணக்குப் போடல’ன்னேன்."

"அவரு?"

"தண்ணி குடிச்சாரு. எச்.ஆர்.க்குப் போன் போட்டாரு. ‘ஏப்ரல்லேர்ந்து நீங்கதாம்மா’ன்னாரு."

அப்பா கத்திய கத்தில் தெருநாய் எழுந்து ஓடியது. நான் அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். பிடித்த பிடியிலேயே எனக்கு ஒன்று இடித்தது. ஜெராக்ஸ் எடுத்துப் படித்தவள் அல்லவா நானும்?

"ம்மா, அது தப்பாச்சே. விண்ணப்பிக்கலாம்னு நோட்டீஸ் ஒட்டுனா அது முனைவு இல்ல. முனைவுக்கு ஒரு அழைப்பு, அவ்ளோதான். நீ விண்ணப்பம் போடுறதுதான் முனைவு. அவங்க வேணான்னு சொல்லலாம். முதல் பாடத்துலயே இருக்கு."

அம்மா பின்னலை அவிழ்த்து முடியை உதறிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதா? மேனேஜருக்குத்தான் தெரியல."

"பரீட்சைல இப்படி எழுதியிருந்தா முட்டைதான் போட்டிருப்பாங்க."

"அதான் பரீட்சைல மாத்தி எழுதுனேன்" என்று சொல்லிவிட்டு, அப்பாவிடம் வஞ்சிரம் வாங்கிவரச் சொன்னாள்.